பிளே ஸ்டோரா, வாட்ஸாப்பில் வந்த ஏபிகேவா, உலாவியே போதுமா?

காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் கூறு போட்டு விற்கும் அக்கா ஒருவர், சென்ற மாதம் ஒரு காலையில் தம் கைப்பேசியை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். அவருடைய மச்சான் எண்ணிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு கோப்பு வந்திருந்தது. பெயர் ‘ஆர்டிஓ சலான்’, முடிவில் ஏபிகே என்ற மூன்று எழுத்து (ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு என்பதற்கான அடையாளம்), அளவு ஐந்து எம்பிக்கும் சற்றே கூடுதல். மகன் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவது தெருவுக்கே தெரிந்த செய்தி என்பதால், அபராதச் சீட்டு வந்திருக்கிறது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. தொட்டுப் பார்த்திருக்கிறார். இந்த வழியாக வரும் செயலியை நிறுவ அனுமதி இல்லை என்று கைப்பேசி தடுத்துவிட்டது. அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லித்தான் என்னிடம் வந்திருந்தார்.

“அனுப்பனது எங்க மச்சான் தானே தம்பி, அதுல இன்னா வந்துடப் போவுது?” என்றார். கோப்பை அழித்தேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: “அப்ப பிளே ஸ்டோர்ல எறக்கனா மட்டும் நல்லதா வந்துடுமா? அங்கயும் திருட்டு ஆப்பு கீதுன்னு எம்பையன் சொல்றான்.” மகன் சொன்னதில் பிழையில்லை. ஆகவே, ஒரு செயலி நம் கைப்பேசிக்குள் வரும் வழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுடையது என்று தோன்றியது. ‘இது பாதுகாப்பானதா’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் எந்த வழிக்கும் முழுமையான விடை கிடைக்காது. செயலி உள்ளே வந்த பிறகு அதற்குப் பொறுப்பேற்பவர் யார், அது கெட்டுப்போனால் திரும்ப எடுத்துக்கொள்ள யாரால் முடியும் என்று கேட்டால் வழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

முதலில் பிளே ஸ்டோர். செயலி வெளியிட விரும்புபவர் 25 டாலர் ஒரு முறை கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். செயலி வெளிவரும் முன் கூகுளின் சோதனையைக் கடக்க வேண்டும். வெளிவந்த பிறகும், 2017 முதல் ‘பிளே புரொடெக்ட்’ என்ற பெயரில் இயங்கும் காவல் அமைப்பு கைப்பேசியில் உள்ள செயலிகளைத் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டிருக்கும். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் படிக்கும் அனுமதியை உண்மையான தேவை உள்ள செயலிகள் மட்டுமே கேட்கலாம் என்ற விதியை கூகுள் 2018-இல் அறிவித்து, அடுத்த ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. ஓடிபி திருட்டுக்கு இந்த வாசலில் போடப்பட்ட தாழ்ப்பாள்களில் இது முக்கியமானது.

இத்தனை இருந்தும் ஓட்டைகள் உண்டு. 10 கோடிக்கும் மேல் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்த ‘கேம்ஸ்கேனர்’ செயலியின் ஒரு பதிப்புக்குள், விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு பகுதி வழியாகத் தீநிரல் நுழைந்திருப்பதை 2019-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கூகுள் அதை ஸ்டோரிலிருந்து நீக்கியது. சரிசெய்த பதிப்பு பிறகு திரும்பி வந்தது. ஆகவே பிளே ஸ்டோரில் இருப்பதெல்லாம் தூய்மையானது என்று சொல்ல முடியாது. கேடு தெரிய வந்தால் திரும்பப் பெற ஓர் ஆள் இருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம். என் அளவுகோலில் அதுவே பெரிய விஷயம்.

2022 முதல் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் காணப்படும் ‘தரவுப் பாதுகாப்பு’ப் பகுதியைப் பலர் கூகுள் கொடுத்த சான்றிதழ் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது செயலியை உருவாக்கியவர் தாமே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளர் ‘தண்ணீர் வசதி உண்டு’ என்று எழுதிக் கொடுப்பதைப் போன்றது. படிக்கலாம், ஆனால் குழாயைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

தேடலில்தான் இன்னொரு கண்ணி இருக்கிறது. சலான், ரேஷன், மின்கட்டணம் என்று எதைத் தேடினாலும், முதலில் தோன்றுவது பெரும்பாலும் விளம்பரம். அதற்கடுத்து, அரசுச் சேவையின் பெயரைத் தாங்கி, ‘நாங்கள் அரசைச் சார்ந்தவர்கள் அல்லர்’ என்று கீழே பொடி எழுத்தில் எழுதிய தனியார் செயலிகள் நிற்கும். நட்சத்திரங்களை எண்ணாமல், பெயருக்குக் கீழே உள்ள வெளியீட்டாளர் பெயரைப் படிக்க வேண்டும். வாகன ஆவணங்களுக்கான ‘எம்பரிவாகன்’ என்றால் அரசுத் துறை அல்லது அரசு நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்க வேண்டும். 2024 முதல் இந்தியா உட்படப் பல நாடுகளில் அரசுச் செயலிகளுக்கு ‘அரசு’ என்ற தனி அடையாளத்தையும் பிளே ஸ்டோர் காட்டுகிறது.

இரண்டாவது வழி, கைப்பேசி நிறுவனங்கள் தாமே பொருத்தி அனுப்பும் செயலிக் கடைகள். இவற்றைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை. கையெழுத்திட்ட பொறுப்பாளர் இருக்கிறார் என்பதால் ஏபிகேவை விட மேல்; ஆனால் நாம் கேட்காத விளையாட்டுகளையும் கடன் செயலிகளையும் அறிவிப்புகளாகத் தள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு. கைப்பேசியின் சொந்த உறுப்புகளைப் புதுப்பிக்க மட்டும் வைத்துக்கொண்டு, அறிவிப்புகளை நிறுத்திவிடலாம். 2024 பிப்ரவரியில் போன்பே நிறுவனம் தொடங்கிய ‘இண்டஸ் ஆப்ஸ்டோர்’, தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் செயலிகளின் பெயரையும் விளக்கத்தையும் காட்டுகிறது என்பதால், ஆங்கிலம் படிக்க இயலாதவருக்குத் தாம் எதை நிறுவுகிறோம் என்று புரிந்துகொள்ள உதவும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதற்குத் தனி மதிப்பு உண்டு.

மூன்றாவதாகிய ‘எஃப்-டிராய்டு’, 2010 முதல் இயங்கும் திறமூலச் செயலிகளின் களஞ்சியம். மூல நிரலை, அதாவது செயலி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை, வெளிப்படையாக வைத்திருக்கும் செயலிகளை மட்டுமே அது ஏற்கும். உருவாக்கியவர் தரும் தயார்க் கோப்பை அப்படியே வாங்கி வைக்காமல், மூல நிரலிலிருந்து பெரும்பாலும் தானே கட்டியெடுக்கும். பயனரைப் பின்தொடரும் பகுதியோ விளம்பரமோ இருந்தால், விரும்பத்தகாத அம்சம் என்று செயலியின் பக்கத்திலேயே எழுதி வைக்கும். மூலப்பொருளையும் சமையலறையையும் காட்டும் மெஸ் என்று சொல்லலாம்.

இதன் அருமை 2023-இன் இறுதியில் தெரிந்தது. ‘சிம்பிள் மொபைல் டூல்ஸ்’ என்ற எளிய செயலித் தொகுப்பு, அதாவது படத்தொகுப்பு, நாட்காட்டி, தொடர்புகள் போன்ற விளம்பரமற்ற கருவிகள், வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பிளே ஸ்டோரில் அவற்றை வைத்திருந்தவருக்குப் பெயரும் சின்னமும் மாறாமல் உரிமையாளர் மட்டும் மாறினார். அடுத்த புதுப்பிப்பு புதியவர் கையிலிருந்து வரும். திறமூலம் என்பதால், முன்பு பங்களித்தவர்கள் அதே நிரலை எடுத்து ‘ஃபாசிஃபை’ என்ற புதிய பெயரில் தொடர, எஃப்-டிராய்டு பயனர்களுக்கு மாற்று வழி ஆயத்தமாகக் கிடைத்தது. நல்ல செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று ஓய்ந்துவிட முடியாது, அதன் உரிமையாளர் மாறக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எஃப்-டிராய்டின் குறைகளும் சிறியவை அல்ல. புதுப்பிப்புகள் சில நாள் தாமதமாக வரும். ஆண்ட்ராய்டு, ஒரு செயலிக்கான புதுப்பிப்பு பழைய பதிப்பின் அதே மின்கையொப்பத்துடன் வந்தால்தான் ஏற்கும். எஃப்-டிராய்டு பெரும்பாலும் தன் சொந்தக் கையொப்பத்தை இடுவதால், அங்கே வாங்கியதை பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்க இயலாது. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். வங்கிச் செயலியோ மெட்ரோ சீட்டோ அங்கே கிடைக்காது. கால்குலேட்டர், கடவுச்சொல் பெட்டகம், டார்ச் போன்ற சிறு கருவிகளுக்கு அதைவிடச் சிறந்த இடமும் இல்லை. டார்ச் எரிவதற்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்ற கேள்வியே அங்கே எழாது.

நான்காவது, கையோடு கையாக வரும் ஏபிகே. இதை ஒரேயடியாகத் திருட்டு என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவர் மாதக் கட்டணம் பார்க்க ஒரு செயலி செய்துவைத்து, ஏபிகேவாகத்தான் அனுப்பினார். அவர் நேர்மையானவர். ஆனால் செயலியைச் செய்து கொடுத்த பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட, இரண்டு ஆண்டுகளாக ஒரு புதுப்பிப்பும் இல்லை. ஓட்டை இருந்தாலும் அடைக்க ஆளில்லை. அதுபோலவே, 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்றான, கோப்புகளைப் பகிரும் ‘ஷேரிட்’, அதன் பிறகும் கைப்பேசிக்குக் கைப்பேசி ஏபிகேவாகத் தாவியதைப் பர்மா பஜார் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். இங்கு எந்தக் கடையும் அதைப் புதுப்பித்துத் தராது. யாருடைய பொறுப்பிலும் இல்லாத செயலி, கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஆபத்தாக முடியும்.

கெட்ட எண்ணத்தோடு வருவது அக்காவின் கைப்பேசிக்கு வந்த வகை. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், வங்கிக் கேஒய்சி என்று வேடம் மாறினாலும் உள்ளே நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். நிறுவியதும் குறுஞ்செய்தி அனுமதி கேட்கும். கிடைத்ததும் தன் சின்னத்தை மறைத்துக்கொள்ளும். வங்கி அனுப்பும் ஓடிபியைப் பிடித்துத் திருடனுக்கு அனுப்பும். வாட்ஸாப் கணக்கைக் கைப்பற்றி, தொடர்பில் உள்ள எல்லோருக்கும் அதே கோப்பைச் சேர்க்கும். மச்சான் எண்ணிலிருந்து வந்ததால் நம்பலாம் என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. மச்சான் எண்ணிலிருந்து வந்தது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள், மச்சான் கைப்பேசியும் போய்விட்டது என்பது.

இந்த வாசலில் ஆண்ட்ராய்டு ஒவ்வொரு பூட்டாகப் போட்டு வந்திருக்கிறது. 2017-இன் எட்டாம் பதிப்பு முதல், வெளியிலிருந்து நிறுவும் உரிமையை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகத் தர வேண்டும். வாட்ஸாப்புக்குத் தராவிட்டால் வாட்ஸாப் கோப்பு நிற்கும். அக்காவைக் காப்பாற்றியது இதுதான். 2022-இன் 13-ஆம் பதிப்பு முதல், இப்படி வந்த செயலிக்கு ‘அணுகல்தன்மை’ உரிமை எளிதில் கிடைக்காது. திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் வல்ல உரிமை அது. 2024-இல், குறுஞ்செய்தி போன்ற கூரிய அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை பிளே புரொடெக்ட் தானே தடுக்கும் ஏற்பாடு இந்தியாவுக்கும் வந்தது. இத்தனை பூட்டுகளையும் திறக்கும் சாவி நம் விரலில் இருக்கிறது என்பது திருடனுக்குத் தெரியும். ஆகவேதான் தொலைபேசியில் கூடவே இருந்து, ‘அமைப்புகளுக்குப் போங்கள், மூன்று புள்ளியைத் தொடுங்கள்’ என்று வழிகாட்டுகிறான்.

கடைசி வழி, செயலியே வேண்டாம் என்று உலாவியில் முடித்துக்கொள்வது. இதை மக்கள் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை என்பது என் வருத்தம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சொத்துவரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதற்காக ஆண்டு முழுவதும் ஒரு செயலி இடத்தை அடைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. குரோமில் திறந்த ஒரு பக்கம் உங்கள் குறுஞ்செய்திப் பெட்டியைப் புரட்டிப் படிக்க முடியாது. தாவலை மூடினால் போய்விடும். ஆனால் இங்கே ஆபத்து முகவரியில் இருக்கிறது. ‘ஜிஓவி.இன்’ என்று முடிவது அரசுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது என்பது நல்ல அடையாளம்; ஆயினும் நம் மின்வாரியத்தின் கட்டணப் பக்கம் பல ஆண்டுகளாக ‘ஓஆர்ஜி’ முகவரியில் இயங்குவதால் அந்த விதி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஒரு முறை சரிபார்த்த முகவரியை முகப்புத் திரையில் சேர்த்துவைத்து, எப்போதும் அதன் வழியாகவே போவது நல்லது.

நாள்தோறும் விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோவில் போய் வருபவருக்கு இந்த யோசனை பொருந்தாது. அவருக்குச் செயலிதான் வசதி. மெட்ரோவின் சொந்தச் செயலி இருக்கிறது, 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சீட்டுத் தருகிறது. எப்போதாவது போகிறவர், 2023 முதல் கிடைக்கும் வாட்ஸாப் சீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த வாசல் வழியாக வந்தாலும், உள்ளே வந்தவருக்கு எந்த அறையைத் திறந்துவிடுகிறோம் என்பது தனிக் கணக்கு. எங்கள் பக்கத்தில் தண்டல்காரர் வட்டி கேட்டு வாசலில் நின்று சத்தம் போட்டால் தெருவுக்கு மட்டும் கேட்கும். தொடர்புப் பட்டியலைப் பெற்ற கடன் செயலி சம்பந்தி வீடு வரை சத்தம் போட்டது. அதனால்தான் ரிசர்வ் வங்கி 2022-இல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. பிளே ஸ்டோரும் 2023 மே முதல் அவ்வாறே விதித்தது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் கடன் செயலிகள் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது: பணமும் பயணமும் பிளே ஸ்டோரிலிருந்து, சிறு கருவிகள் எஃப்-டிராய்டிலிருந்து, எப்போதாவது செய்யும் வேலைகள் உலாவியில். ஏபிகேவுக்கு, அனுப்பியவர் யாராக இருந்தாலும், வாசல் மூடியே இருக்கட்டும். தவறி நிறுவிவிட்டால், முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கும், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் பேச வேண்டும். செயலியைத் தேடி நீக்குவது அதற்குப் பிறகுதான்.

அன்று அக்காவின் கைப்பேசியில் ‘அறியப்படாத ஆப்ஸை நிறுவு’ பட்டியலைத் திறந்தபோது, வாட்ஸாப்புக்கு மட்டும் அனுமதி இல்லாமலிருந்தது. குரோமுக்கும் கோப்பு மேலாளருக்கும் இருந்தது. கைப்பேசி வாங்கிய அன்றே கடைக்காரப் பையன் ‘செட்டிங்’ செய்து கொடுத்தானாம். இரண்டையும் அணைத்தேன். பிறகு அவர் மச்சானை வாட்ஸாப்பில் கூப்பிடப் போனார். சாதாரண அழைப்பில் கூப்பிடச் சொன்னேன்.