பியானோ கட்டையில் ஈயம்: இன்னும் ஏற்றுவதா, ஹாமரின் எடையைக் குறைப்பதா?

பழைய கிராண்ட் பியானோவுக்கு, தந்தியை அடிக்கும் ஹாமரைப் புதிதாகப் போட்டபின் விரலால் அழுத்தும் கட்டைகள் கனத்துவிட்டால், பட்டறைகளில் சட்டென்று கிடைக்கும் மருந்து ஈயம்தான். கட்டையின் முன்பக்கத்தில் துளை போட்டு, 12.7 மி.மீ. விட்டமுள்ள ஈயத் துண்டை அடித்து இறுக்கினால் வேலை முடிந்தது. அழுத்துவதற்கான எடை 50 கிராமுக்கு வந்துவிடும். மெதுவாக அழுத்திப் பார்ப்பவருக்குத் திருப்தியாகவும் இருக்கும். வேகமாக வாசிக்கும்போதுதான் விரலைக் கட்டை எதிர்க்கும். பேஸ் கட்டை ஒன்றைக் கழற்றிப் பார்த்து, அதில் ஐந்தாறு ஈயம் இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் உராய்வை அளந்துவிடுங்கள். டாம்பர் பெடலை மிதித்துக்கொண்டு, கட்டை மெல்ல இறங்கும் எடையையும், அழுத்திய கட்டை மெல்ல எழும்பும் எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டின் வித்தியாசத்தில் பாதி உராய்வு. இரண்டின் சராசரி சமநிலை எடை. 58 கிராமுக்கு இறங்கி 22-க்கு எழும்பினால் உராய்வு 18, சமநிலை எடை 40. இதற்கு ஈயமே வேண்டாம். மூட்டுகளின் ஊசிகளான சென்டர் பின்களையும், கட்டைத் துளைகளின் துணி உறையான புஷிங்குகளையும் தளர்த்தி உராய்வை 13-க்குக் கொண்டுவந்தால் 53-க்கு இறங்கும். அதே 58-க்கு இறங்கும் கட்டை 34-க்கு எழும்பினால் உராய்வு 12தான், சமநிலை எடை 46. உண்மையான எடைப் பிரச்சினை இதுதான்.

இப்போது தேர்வுக்கு வருவோம். நான் ஹாமர் பக்கம்தான். காரணம் ஒரே கணக்கு.

நடு ஸி கட்டையை எடுத்துக்கொள்வோம். ஹாமர் முனையில் அளந்த எடை 10 கிராம், ஆக்‌ஷன் விகிதம் (கட்டை முனை 1 மி.மீ. இறங்கினால் ஹாமர் எத்தனை மி.மீ. எழும்பும் என்பது) 6 என்றால், ஹாமர் கட்டை முனையில் 60 கிராமாக நிற்கும். கட்டைக்கும் ஹாமருக்கும் இடையில் நிற்கும் நெம்புகோலான விப்பன் 18 கிராம்; அது பாதியாக, அதாவது 9 கிராமாகச் சேரும். மொத்தம் 69. சமநிலை எடை 38 வேண்டுமென்றால் கட்டையின் முன்பாரம், அதாவது அதன் முன்முனை தானாகக் கீழே இழுக்கும் எடை, 31 கிராம் இருந்தாக வேண்டும். ஹாமரை 9.2 கிராமுக்கும் விகிதத்தை 5.5-க்கும் இறக்கினால் 50.6 கூட்டல் 9, ஏறக்குறைய 60. முன்பாரம் 22 போதும். ஒரு ஈயத்தை வெளியே எடுத்துவிடலாம்.

ஒரு ஈயத்துக்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் வேகமாக அடிக்கும்போது விரல் தள்ளுவது நிலைமத்தை. அதில் விகிதத்தின் வர்க்கம் கணக்கில் வரும். முதல் அமைப்பில் ஹாமர் 10 × 36, அதாவது 360 கிராமைக் கட்டை முனையில் வைத்ததற்குச் சமம். இரண்டாவதில் சுமார் 278. எடுத்த ஈயத்தால் குறைந்ததோ ஆறேழு கிராம்தான். ஆக, அளவுக்கு மீறிய ஈயம் நோயல்ல, நோயின் அடையாளம். ஹாமரை அப்படியே விட்டு ஈயத்தை மட்டும் பிடுங்கினால் விரலுக்குச் சுகம் வராது. அழுத்தும் எடைதான் ஏறும்.

ஈயத்தை, கட்டை சாய்ந்தாடும் நடுத்தாங்கியான பேலன்ஸ் ரெயில் அருகே தள்ளி வைப்பது இன்னொரு வழி. பாதித் தூரத்தில் இரண்டு மடங்கு ஈயம் வைத்தால் சமநிலை மாறாது, ஈயத்தின் நிலைமம் பாதியாகும். சரியான யோசனைதான், ஆனால் மேலே பார்த்தபடி மிச்சமாவது சில கிராம். விப்பனுக்கு உதவி ஸ்பிரிங் போட்டால் ஈயத்தை நிறையவே கழற்றலாம். ஹாமரின் நிலைமத்தை அது தொடாது. 88 ஸ்பிரிங்குகளையும் ஒரே இழுவையில் வைத்திருப்பது தனி வேலை. ஸ்பிரிங் போட்ட ஆக்‌ஷன்களை நீண்ட காலம் பராமரித்த அனுபவம் எனக்குக் குறைவு, அதனால் இதற்குமேல் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஹாமரைக் குறைக்க, மரப்பகுதியைப் பக்கவாட்டில் சீவி, அதன் கீழ்நுனியான வாலையும் மெலிக்க வேண்டும். அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கிடைக்கும். வாலின் வளைவும் சொரசொரப்பும் கெட்டால், அடித்துத் திரும்பும் ஹாமரைப் பிடிக்கும் பேக்செக் அதைப் பிடிக்காது, ஹாமர் துள்ளும். பேஸில் கைவைக்கும்போது நாலைந்து ஹாமரை மட்டும் சீவி, மாட்டிக் கேட்டபின் மற்றவற்றைத் தொடுங்கள். அங்கே எடை போனால் ஒலியின் கனமும் கொஞ்சம் போகலாம்.

விகிதத்தைக் குறைக்க எளிய வழி, நக்கிள் (ஷாங்கின் அடியிலுள்ள தோல் உருளை) மூட்டிலிருந்து 16 மி.மீ.-இல் உள்ள ஷாங்குகளை, அதாவது ஹாமரைத் தாங்கும் தண்டுகளை, 17 மி.மீ. ஷாங்குகளாக மாற்றுவது. விகிதம் சுமார் 6 சதவீதம் இறங்கும். இதற்கு விலையும் உண்டு: கட்டையின் அதே 10 மி.மீ. இறக்கத்தில் ஆஃப்டர்டச் (ஹாமர் விடுபட்டபின் கட்டை மேலும் இறங்கும் சிறு தூரம்) காணாமல் போகும். இறக்கத்தை அரை மி.மீ. போலக் கூட்டுங்கள், அல்லது ஹாமருக்கும் தந்திக்கும் இடையிலான 45 மி.மீ. அடிதூரத்தை 43-க்குக் கொண்டுவாருங்கள். நக்கிளைத் தள்ளும் ஜாக்கின் இருப்பையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். செலவு என்று பார்த்தால் ஈயம் ஏற்றுவதே மலிவு, அதில் சந்தேகமில்லை. புது ஹாமரும் ஷாங்கும் எப்படியும் வாங்கப்போகிறவருக்கு மட்டும் கூடுதல் செலவு பெரும்பாலும் உழைப்புதான்.

ஈயத்தைக் கழற்றும்போது சுத்தியலால் அடிக்க வேண்டாம். இறுகிய ஈயம் ஓரத்து மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். துளையுள்ள மரத்துண்டைக் கட்டைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, பிரஸ்ஸில் மெல்லத் தள்ளுங்கள். துளையை அடைக்கும் மரத்தின் நார், கட்டையின் நாரோடு ஒரே திசையில் இருக்கட்டும். பழைய ஈயத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது நச்சு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல், கையுறையோடு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அப்படிப் பூத்த ஈயம் உப்பிக் கட்டையைப் பிளந்து, பக்கத்துக் கட்டையோடு உரசவும் செய்யும். அந்தக் கட்டைகளில் எடைக் கணக்கு சரியாகவே இருந்தாலும் ஈயத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.