இறால் குஞ்சுக்கு நச்சு மரபணுப் பரிசோதனை: கொழும்புத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் சேவை

புத்தளம் மாவட்டத்தின் உடப்பிலும் முந்தலிலும் இறால் பண்ணை வைத்திருக்கும் எங்கள் உறவினர்கள், குஞ்சுகளைக் குளத்தில் விடுவதற்கு முன்னர் மாதிரிகளை எனக்கு அனுப்புவார்கள். அவற்றைக் கொழும்பிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் ஒப்படைப்பது என் பொறுப்பு. அங்கே விப்ரியோ பக்டீரியாக்களைத் தட்டில் வளர்த்து எண்ணித் தருவது ஒரு சேவை. மரபணுத் துண்டைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில், நச்சை உண்டாக்கும் மரபணுவைத் தேடித் தருவது மற்றொன்று. முதலாவது மலிவு என்பதால் பலரும் அதையே கேட்கிறார்கள். இறாலின் செரிமான உறுப்பான ஈரற்கணையத்தைத் தாக்கும் கடும் ஈரற்கணையச் சிதைவு நோய்க்கு அஞ்சுகிறவர் அதை மட்டும் நம்பக்கூடாது.

2009 அளவில் சீனாவில் தலைகாட்டிய இந்நோய், வியட்நாம், மலேசியா, தாய்லாந்து எனப் பரவி 2013 இல் மெக்சிக்கோவையும் எட்டியது. குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே குளம் முழுவதும் செத்துப்போகும் அளவுக்குக் கொடியது. விப்ரியோ பராஹீமோலிட்டிக்கஸ் பக்டீரியாவே காரணம் என்பதை அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் நிறுவினார்கள். ஆயினும் அந்த இனத்தின் எல்லா வகைகளும் இறாலைக் கொல்வதில்லை. ஏறத்தாழ 70,000 காரச்சோடிகள் (டிஎன்ஏயின் அடிப்படை அலகுகள்) நீளமான பிளாஸ்மிட் ஒன்றையும் (பக்டீரியாவின் முதன்மை மரபணுத்தொகுதிக்குப் புறம்பான சிறு டிஎன்ஏ வளையம்), அதிலுள்ள பிர்-ஏ, பிர்-பி என்னும் இரு நச்சு மரபணுக்களையும் சுமக்கும் வகைகளே கொல்கின்றன. இவை, பூச்சிகளைக் கொல்லும் போட்டோரப்டஸ் பக்டீரியாவின் நச்சுகளுக்கு உறவானவை. பக்டீரியா இறாலின் இரைப்பையில் குடியேறி நச்சைச் சுரக்க, அது ஈரற்கணையத்தை அடைந்து, அங்குள்ள நுண்குழாய்களின் கலங்களை உதிரச் செய்கிறது. பக்டீரியாவை வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்தினாலும் இதே சிதைவு தோன்றியது என்பதால், உறுப்பைச் சிதைப்பது நச்சே என்பதில் ஐயமில்லை. பக்டீரியாவைக் கொல்லும் மருந்து, ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சை ஒன்றும் செய்யாது.

தட்டில் பச்சையாகத் தெரியும் பக்டீரியாத் திட்டுகளை எண்ணுவதால், அவற்றில் நச்சு மரபணு உள்ளதா என்பது தெரியவராது. அதே வகைப் பிளாஸ்மிட் விப்ரியோ கம்பெல்லி, விப்ரியோ ஓவென்சி ஆகிய இனங்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. பிளாஸ்மிட் இருந்தும் நச்சு மரபணுக்களை இழந்த வகைகளும் உண்டு. அவை இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆகவே பிளாஸ்மிட்டைத் தேடும் பரிசோதனையைவிட, நச்சு மரபணுவையே தேடும் பரிசோதனைதான் நமக்கு வேண்டியது.

இந்த ஆய்வுகூடம் அதைச் சரியாகவே செய்கிறது. கேட்டபோது இரு மரபணுக்களுக்குமான முடிவுகளைத் தனித்தனியாகக் காட்டி, மரபணுத் துண்டுகளைப் பட்டைகளாகக் காட்டும் ஜெல் படத்தையும் தந்தார்கள். நச்சு உள்ளதென்று உறுதியாகத் தெரிந்த மாதிரியின் பட்டையும் அதே படத்தில் பக்கத்திலேயே இருந்தது. அங்கு பணிபுரியும் தங்கை ஒருவர், பெரிய இறால் ஒன்றின் தலையோட்டை நீக்கி, ஈரற்கணையத்தை இரு விரல்களுக்கிடையே நசுக்கிக் காட்டினார். கபில நிறத்தில் இருந்த அது உடனே குழைந்தது. நோயுற்றதாயின் வெளிறிச் சுருங்கி, சில வேளைகளில் கருங்கோடுகளோடு, இலகுவில் நசுங்காமல் இருக்கும் என்றார். இவ்வளவு பொறுமையாக விளக்குகிறவர்களை நான் வேறெங்கும் காணவில்லை.

குறை, மாதிரி வாங்கும் மேசையில்தான். சிறு போத்தலில் கொடுத்த ஒருசில குஞ்சுகளை எண்ணிக்கை கேட்காமலே ஏற்றுக்கொண்டார்கள். நூறில் இரண்டு குஞ்சுகளில் மட்டும் தொற்று இருந்தாலும் 95 வீத நம்பிக்கையுடன் பிடிபட வேண்டுமானால், ஒரு தொகுதியிலிருந்து எழுமாறாக 150 அளவில் எடுக்க வேண்டும். பணம் கட்டி ‘இல்லை’ என்ற தாளைப் பெற்று, அந்தத் துணிவில் குளத்தை நிரப்பும் பண்ணையாளருக்கு இதைச் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை. 1996 இல் வெண்புள்ளி நோயால் புத்தளம் மாவட்டம் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, இந்த அலட்சியம் நெஞ்சை உறுத்தும்.

அறிக்கையிலும் எந்த மரபணு தேடப்பட்டது என்பதை நாமாகக் கேட்டால்தான் எழுதுகிறார்கள். ஆகவே படிவத்தில் ‘பிர்-ஏ, பிர்-பி இரண்டும்’ என்று நீங்களே குறிப்பிடுங்கள். குஞ்சுகளை 95 வீத எதனோலில் இட்டு, தொகுதி வாரியாகப் பெயரொட்டிக் கொடுங்கள். வெவ்வேறு பொரிப்பகங்களின் குஞ்சுகளை ஒரே போத்தலில் கலக்க வேண்டாம்.