சப் மீற்றர் அனெக்ஸா, தனி மீற்றர் வீடா? யாழ்ப்பாணத்தில் வாடகைக்குப் போகும்போது

கொக்குவிலில் இரண்டு வருசம் அனெக்ஸ் ஒன்றில், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய பகுதியில், இருந்தேன். இப்போது கோண்டாவிலில் தனி வீடு. வாடகை ஐயாயிரம் கூட. வீடு மாறப்போகிறேன் என்றதும் "விசரே உனக்கு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு விசர் இல்லை, கரண்ட் பில்தான் காரணம்.

அனெக்ஸின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஆள் துணை, சின்ன முற்பணம், எழுத்துவேலை குறைவு. மாதம் முதலாம் திகதி வீட்டுக்கார அன்ரி கொப்பியும் பென்சிலும் கொண்டு வருவா. கதவுக்குப் பின்னால் என் பகுதிப் பாவனையை மட்டும் அளக்கப் பூட்டியிருக்கிற சப் மீற்றரைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, இலக்கத்தை எழுதி, போன மாத இலக்கத்தைக் கழிப்பா. பிறகு மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் பிரித்து, வந்த சராசரியை என் யூனிட்டால் பெருக்குவா. ஒரு ரூபா கூட்டி எடுத்ததில்லை. கணக்கு நேர்மையானதுதான். ஆனாலும் நான் நட்டப்பட்டேன், அன்ரியும் நட்டப்பட்டா.

எப்படி என்றால், இலங்கையில் வீடுகளுக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். 30, 60, 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன. மேல்படிக்குப் போகப் போக யூனிட் விலை ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். அதைவிடப் பெரிய அடி 60இல் இருக்கிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், முதல் 60 யூனிட்டுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும், அவ்வளவையும் வேறு விலையில்தான் போடுவார்கள்.

என் ஒரு மாதத்துப் பாவனை 58 யூனிட். ஒரு சின்ன பிரிஜ், இரண்டு ஃபான், லைற், ரைஸ் குக்கர், அவ்வளவுதான். அன்ரி வீட்டில் 132. இரண்டும் ஒரே மெயின் மீற்றரில் சேர்ந்து 190 ஆனது. அதாவது 180ஐயும் தாண்டி ஆக மேல்படி. அந்தச் சராசரியில் நான் கட்டியதைப் பிறகு ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்தேன். அதே 58 யூனிட் தனி மீற்றரில் ஓடியிருந்தால் வந்திருக்கும் காசைவிட மூன்று மடங்குக்கு மேல். அன்ரியின் 132உம் என்னால் விலை ஏறித்தான் இருந்தது. இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டியிருந்தால் இருவருக்கும் லாபம். "வயரிங்கைப் பிரிச்சு இன்னொரு லைன் எடுப்பமே அன்ரி?" என்று கேட்டேன். "லண்டனில மகனிட்டைக் கேட்டுச் சொல்லுறன் தம்பி" என்றா. கதை அதோடு நின்றது.

2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது இந்த வித்தியாசம் உறைக்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், யூனில் 15 வீதம் ஏற்றினார்கள். விலை இப்படி ஏறி இறங்கினாலும் படிமுறை அப்படியே இருப்பதால், வீடு பார்க்கும்போது யூனிட் விலையைக் கேட்டுப் பயனில்லை. மெயின் மீற்றரில் எத்தனை குடும்பம் தொங்குகிறது என்று கேளுங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏசி போட்டு நீங்கள் தனியாகவே 180ஐத் தாண்டுகிறவர் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு பெரிதாக வராது. தின்னவேலிப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் கம்பஸ் பிள்ளைகள் மாதிரி வாடகைக்குள்ளேயே கரண்ட் காசும் அடக்கம் என்றாலும் இது உங்களுக்கு இல்லை.

தனி வீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது: கிணற்று மோட்டர். யாழ்ப்பாணத்தில் தண்ணி என்றால் கிணறு, கிணறு என்றால் மோட்டர், மோட்டர் என்றால் கரண்ட். ஒரு குதிரைவலு மோட்டர் நாளுக்கு அரை மணி ஓடினாலே மாதம் 11 யூனிட்டுக்குக் குறையாது. 60க்குள் நிற்கப் பார்க்கிறவனுக்கு அந்தப் 11 பெரிய விசயம். நான் பார்த்த வீடுகளில் ஒன்று பங்குக் கிணறு. பக்கத்து வளவுக்கும் அதே மோட்டரில்தான் தண்ணி ஏறியது, சுவிட்ச் மட்டும் இந்த வீட்டுக் குசினியில்! அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டேன். இப்போதைய வீட்டுக் கிணறும் பங்குதான், ஆனால் ஆளுக்கொரு மோட்டர், ஆளுக்கொரு லைன். மெயின் சுவிட்சை நிறுத்திப்போட்டு மோட்டரைப் போடச் சொல்லிப் பாருங்கள், அது ஓடினால் வேறு யாரோ கட்டுகிற கரண்ட். ஒரு நிமிச வேலை. குழாய்த் தண்ணி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறந்த பிறகு பல இடங்களில் அந்தப் பேச்சுத்தான். என் கிணற்றில் நல்ல தண்ணி, அதனால் நான் தண்ணி மீற்றர் எடுக்கவில்லை.

பில் யார் பெயரில் இருக்க வேண்டும்? இப்போதைய வீட்டுப் பில்லில் இருக்கிற ஐயா செத்து இருபது வருசம். உரிமைக்காரர் கனடாவில், சாவி அவரின் மச்சாளிடம். பெயரை மாற்றுவதென்றால் உரிமைக்காரரின் சம்மதம், காணி உறுதி, வாடகை ஒப்பந்தம் என்று அலைய வேண்டும். மாற்றி எடுத்த நண்பர் ஒருவருக்கு அது வங்கியில் முகவரி காட்ட உதவியது. எனக்கு விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதமே போதுமாக இருந்தது. பில்லைக் கட்டுவதற்குப் பத்து இலக்கக் கணக்கு எண் இருந்தால் சரி. தபாற்கந்தோரிலோ வங்கியிலோ போனிலோ கட்டலாம், பெயரை யாரும் கேட்பதில்லை. ஆகவே மீற்றர் தனியாக இருந்தால் பெயரைப் பற்றி நான் மினக்கெட மாட்டேன்.

ஆனால் கணக்கு எண்ணோடு பழைய கடனும் வரும். வந்து மூன்றாம் கிழமை சிவப்பு நோட்டீஸ் ஒன்று படலையில் செருகியிருந்தது. முன்னம் இருந்தவர்கள் மூன்று மாதம் கட்டாமல் போயிருக்கிறார்கள். லைன் வெட்ட வந்தவர் ஏணியைச் சாத்துகிற நேரத்தில் நான் ஓடிப்போய்க் கட்டிவிட்டு ரசீதோடு வந்தேன். பிறகு மச்சாள் வாடகையில் கழித்துவிட்டா. முற்பணம் கொடுக்கும் முன்னமே கடைசிப் பில்லை வாங்கி, அதிலிருக்கும் முன்மீதியை (முந்திய மாதங்களின் பாக்கியை) பார்த்திருந்தால் இந்த ஓட்டம் மிச்சம்.

காஸையும் இன்ரநெற்றையும் இரண்டு வரியில் சொல்கிறேன். சிலிண்டர் உங்களுடையது என்றால் கூடவே வரும். லிட்ரோ கம்பனியின் சிலிண்டர் நீலம், லாஃப்ஸ் கம்பனியினது மஞ்சள், வெறுமையைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும்போது நிறம் மாறக்கூடாது. இரண்டு வருசம் இருப்பேனா என்று தெரியாதவர் ஃபைபர் இழுக்காமல் சிம் போடும் ரவுட்டர் வைத்திருப்பதே நல்லது.

விட்டுப் போகும்போதுதான் தனி மீற்றரின் அருமை தெரியும். சப் மீற்றரில் அன்ரி முதலாம் திகதி எழுதுவா, மெயின் மீற்றரை வாசிப்பது மாத நடுவில். இரண்டு திகதியும் பொருந்தாததால் கடைசி மாதம் ஒரு குத்துமதிப்பில்தான் முடிந்தது. தனி மீற்றரில் வந்த அன்றும் போகிற அன்றும் ஒரு படம் போதும், மீற்றரின் தொடர் இலக்கமும் படத்தில் விழ வேண்டும். வாசிக்கிறவர் சில நாள் பிந்தி வந்தால் மேல்படிக்குப் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை, நாள்கணக்குக்கு ஏற்றபடி படிகளும் விரியும். கடைசிப் பில் வரும்வரை முற்பணத்தில் ஒரு சிறு தொகையை வீட்டுக்காரர் வைத்திருப்பது நியாயம்தான். எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதுவித்தேன். மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை, "எங்களை நம்பேல்லையே?" என்றா. கையெழுத்தும் வைத்தா, தேத்தண்ணியும் தந்தா.