லாஸ்பேட்டையா, மஞ்சக்குப்பமா?

புதுச்சேரியில் அரசு வேலை; வாடகை வீடு அங்கேயே லாஸ்பேட்டையிலா, பக்கத்துக் கடலூரின் மஞ்சக்குப்பத்திலா? புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் ஊதிய விதிகள்தான். வாடகைப்படிக்காக நகரங்களைப் பிரிக்கும் பட்டியலில் புதுச்சேரி ‘ஒய்’ என்ற நடு வகை என்பதால், 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். அடிப்படை 35,400 என்றால் படி 7,080 ரூபாய். லாஸ்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அது போதாது. கையிலிருந்து போட வேண்டும். "கவர்மென்ட் வேலையா?" என்று ஓனர் கேட்கும்போதே வாடகை ஏறிவிடும். அப்புறம் நிபந்தனைகள்: சைவமா, எத்தனை பேர், விருந்தாளிகள் எத்தனை நாள். சம்பளம் ஜாஸ்தி என்று ஊரே பேசுகிறது. அதில் பாதி ஓனர் கைக்குப் போவதை யாரும் பேசுவதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை குறைவு, கேள்விகளும் குறைவு. வாடகைப்படி என்பது வேலை செய்யும் ஊரைப் பொறுத்தது, குடியிருக்கும் ஊரை அல்ல. ஆகவே புதுச்சேரியில் வேலை, கடலூரில் வீடு என்றாலும் அதே 20 சதவீதம். எல்லையிலுள்ள முள்ளோடை வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வரும் அலுப்பு தனி. பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லையென்றால் நான் கடலூரைத்தான் சொல்வேன். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன், 2024 ஃபெஞ்சல் புயலில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஓனரிடம் அல்ல.