வாடகைக்கு ரென்ட்டா, ஹயரா? ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி எப்படி?

தமிழில் ஒரே சொல்லால் சமாளித்துவிடும் இடத்தில் ஆங்கிலம் மூன்று சொல் கேட்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. கைப்பேசியில் ‘வாடகை’ என்று தட்டினால் ரென்ட், ஹயர் என்று வரிசையாக வரும். எதை எங்கே போடுவது என்று தெரியாது. அதற்கு உருப்படியான துணை ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. ஏ.எஸ். ஹார்ன்பி தொடங்கிவைத்த அகராதி. 10ஆம் பதிப்பு 2020இல் வந்தது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

பலர் முதல் பொருளைப் படித்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். சரக்கு அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஒத்த சொற்களைப் பிரித்துக் காட்டும் ‘விச் வேர்ட்’, ‘சினானிம்ஸ்’ என்ற பெட்டிகள் மூடிக்கிடக்கும்; தொட்டால் விரியும்.

ரென்ட், ஹயர், லெட் மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் வழக்கில் ஓரிரு நாளுக்குக் காரோ மண்டபமோ எடுத்தால் ஹயர். மாதக்கணக்கில் வீடு எடுத்தால் ரென்ட். அமெரிக்காவில் இரண்டுக்கும் ரென்ட்தான். அங்கே ஹயர் என்றால் ஆளை வேலைக்கு எடுப்பது. லெட் என்பது உரிமையாளர் செய்வது. நம் தெருவில் தொங்கும் ‘டூ லெட்’ பலகையை வீட்டுக்காரர் மாட்டுவது அதனால்தான். குடிவருபவர் ‘லெட்’ எடுத்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் ரென்ட் இருவருக்கும் பொருந்தும்; கொடுப்பவர் பக்கம் ‘ரென்ட் அவுட்’ என்று சொன்னால் குழப்பமே இல்லை.

‘நிழல்’ இன்னும் நல்ல சோதனை. வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ஷேட். சுவரில் விழும் நம் உருவம் ஷேடோ. மரத்தடியில் உட்கார்ந்தவர் ‘ஷேடோ’வில் உட்கார்ந்ததாக எழுதுவது அடிக்கடி பார்க்கும் பிழை.

பொருளை மட்டும் படித்தால் பிடிபடாத வேறுபாடும் உண்டு. ராப், ஸ்டீல் இரண்டும் திருட்டுதான். ராப் பண்ணப்படுவது ஆளோ இடமோ. ஸ்டீல் பண்ணப்படுவது பொருள். எனவே பேருந்தில் பர்ஸ் போனால் ‘பர்ஸை ராப் பண்ணிட்டாங்க’ என்பது தவறு. இதற்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களை நாலைந்தாவது படிக்க வேண்டும்; வினைக்குப் பின்னால் ஆள் வருகிறதா, பொருள் வருகிறதா, எந்த முன்னிடைச் சொல் (ப்ரெபொசிஷன்) சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சினானிம்ஸ் பெட்டியின் அடியில் இருக்கும் ‘பேட்டர்ன்ஸ்’ பகுதியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

குறைகளும் உண்டு. எல்லாச் சொல்லுக்கும் பெட்டி கிடையாது. இல்லாத இடத்தில் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து நாமே ஒப்பிட வேண்டும். அடித்தளம் பிரிட்டிஷ் ஆங்கிலம். ‘ப்ரீபோன்’ (குறித்த நாளுக்கு முன்னதாக மாற்றுவது) போன்ற நம் ஊர்ச் சொல்லை இந்திய வழக்கு என்ற குறிப்போடு சேர்த்திருப்பது நல்ல விஷயம்.

ஆங்கிலத்தில் ஆங்கில விளக்கம் படிக்கவே சிரமப்படுபவர்கள் லாங்மேன் அகராதியில் தொடங்கலாம். அதன் விளக்கங்கள் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதப்பட்டவை. மெரியம்-வெப்ஸ்டர் தளத்திலும் ஒத்த சொற்களைப் பிரித்துக் காட்டும் பகுதி இருக்கிறது, நுட்பமானது. ஆனால் ஆங்கிலம் நன்கு பழகியவர்களுக்கே அது உதவும்.