போலந்து விமானத் தொகுப்பு: பழைய பதிப்பே போதும்

இரண்டாம் உலகப் போர் விமானங்களைக் கணினியில் ஓட்டும் 'இல்-2 ஸ்டர்மோவிக் 1946' சிமுலேட்டரை இன்னும் கைவிடாத நண்பர் ஒருவர், தன்னார்வலர்கள் சிலர் அதற்காக உருவாக்கிய போலந்து விமானத் தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவலாமா என்று கேட்டிருக்கிறார். பல ஆண்டுகளாக அந்தத் தொகுப்போடு பழகியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1939இல் போலந்தின் முக்கியச் சண்டை விமானமான பி.11சி மூல விளையாட்டிலேயே உண்டு. தொகுப்பு அதைச் செப்பனிட்டு, அதற்கு மூத்த பி.7ஏ-யையும் கராஷ் குண்டுவீச்சு விமானத்தையும் கூடவே சேர்க்கிறது.

முதலில் காக்பிட். இந்த விமானங்களில் எனக்குத் தீராத மகிழ்ச்சி அங்கேதான். ஜிக்முண்ட் புவாவ்ஸ்கி வடிவமைத்த இறக்கை, உடலோடு சேரும் இடத்தில் மெலிந்து, கடற்பறவையின் சிறகைப் போல மேலெழும்பி, பிறகு கிடையாக நீள்கிறது. விமானியின் கண்ணுக்கு எதிரே இறக்கையின் மெல்லிய பகுதி மட்டுமே வருவதால் முன்புறமும் மேற்புறமும் திறந்து கிடக்கின்றன. முந்தைய வகையான பி.11ஏ-யில் இஞ்சின் பார்வையை மறைத்ததால், சி வகையில் இஞ்சினைக் கீழிறக்கி இருக்கையை உயர்த்தினார்கள். அந்த வித்தியாசத்தைத் திரையிலேயே உணர முடிகிறது. மூடியில்லாத காக்பிட்டில் காற்றின் இரைச்சல் இஞ்சின் ஒலியை விழுங்குவதையும் அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்படியோர் இறக்கையைச் சிந்தித்த புவாவ்ஸ்கி 1931இல், தானே வடிவமைத்த வேறொரு விமானத்தை ஓட்டும்போது 29 வயதில் இறந்துபோனார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்களிலும் அக்கறை தெரிகிறது. இறக்கைகளின் மேல் உள்ள சிவப்பு வெள்ளைச் சதுரச் சின்னங்கள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இல்லை. எதிரியின் குறியைக் குழப்புவதற்காக 1939இல் இப்படித்தான் வரைந்திருந்தார்கள். தீப்பிடித்தால் உடலுக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியைக் கழற்றிக் கீழே விடும் வசதியும் உண்டு. கிராகோவ் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே பி.11சி-யின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உலோகத் தோலின் நுண்ணிய வரிகள்கூடத் தப்பவில்லை.

இவ்வளவு நுட்பமாகச் செய்தவர்கள், புதிய பதிப்பில் பி.11சி-யின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பி.11சி-யின் உச்ச வேகம் சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் மணிக்கு 390 கி.மீ. தரையை ஒட்டினால் 300 கி.மீ. அளவில்தான். பெரும்பாலானவற்றில் 7.92 மி.மீ. துப்பாக்கிகள் இரண்டு மட்டுமே. நான்கு பொருத்தியவை குறைவு. செப்டம்பர் 1939இல் ஜெர்மனி படையெடுத்தபோது போலந்து விமானிகளின் வேதனை முழுவதும் இந்த எண்களில் இருக்கிறது. ஜெர்மானியச் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டைத் துரத்துவது இருக்கட்டும், குண்டுவீச்சு விமானங்களையே பின்னாலிருந்து எட்டிப்பிடிக்க முடியாமல் தவித்தார்கள். வார்சாவைக் காத்த வேட்டைப் படைப்பிரிவிடம் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட விமானங்கள்தான் இருந்தன. அவற்றில் சில, இன்னும் மெதுவான பி.7ஏ.

தொகுப்போடு வரும் விளையாட்டுப் பணிகளில் பாலிட்ஸே பணியை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 விடியற்காலையில், கிராகோவுக்கு அருகிலிருந்த அந்தத் தளத்திலிருந்து கேப்டன் மெத்வெட்ஸ்கியும் வ்வாதிஸ்வாவ் க்னிஷும் கிளம்பினார்கள். தரையை விட்டு எழும்பும்போதே ஸ்டூக்கா என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன. மெத்வெட்ஸ்கி சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். க்னிஷ் தப்பி, உயரம் ஏறி, குண்டு வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு டோர்னியர் 17 ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களை ஓல்குஷ் பக்கம் கண்டு மேலிருந்து பாய்ந்தார். ஜுராதா கிராமத்தில் அவை இரண்டும் விழுந்தன.

பழைய பதிப்பில் இந்தப் பணியைப் பறந்தால், க்னிஷுக்கு உயரம் ஏன் உயிராக இருந்தது என்பது கைக்கே புரியும். மேலிருந்து பாய்ந்து ஒருமுறை சுடலாம். தவறவிட்டால் டோர்னியர் விலகிப்போய்விடும்; எவ்வளவு முடுக்கினாலும் இடைவெளி குறையாது. அதனால் சுடுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டியிருக்கும்: சூரியன் எங்கே, மேகம் எங்கே, அவர்கள் எந்தப் பக்கம் திரும்பக்கூடும்? வேறு எந்த விமானமும் எனக்கு இவ்வளவு பொறுமையைக் கற்றுத்தரவில்லை. புதிய பதிப்பிலோ அதே உயரத்தில் பின்னாலேயே போய், நெருங்கி, நிதானமாகச் சுட்டு வீழ்த்தலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்தக் காலையில் நடந்தது அதுவல்ல.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும்போது போலந்துப் பக்கம் யாரும் சேர்வதில்லை. சேர்ந்தவர்களும் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள். ஆள் சேர்க்கவே வேகத்தைக் கூட்டினோம் என்கிறார்கள். ஊதியமில்லாமல் இரவெல்லாம் உழைத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால் அதற்கு வழி பணிகளை மாற்றுவதுதான். போலந்துப் படை போருக்கு முன்பே தன் விமானங்களை மறைவான புல்வெளித் தளங்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தது. முதல் நாளிலேயே எல்லாம் தரையில் அழிந்துவிட்டன என்ற கதை பொய். அந்தப் புல்வெளிகளைக் கொடுங்கள், முன்னெச்சரிக்கை கொடுங்கள், உயரத்தில் தொடங்க விடுங்கள். பி.11சி குறுகிய புல்தரையில் எழும்பும், இறுக்கமாகத் திரும்பும். இந்த பலங்கள் உண்மையாகவே அதனிடம் இருந்தவை. காலாவதியான விமானத்தைச் சேர்த்துவிட்டு அதன் காலாவதியை மட்டும் அழிப்பது, அதில் பறந்து செத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

கராஷின் வேகத்தைத் தொடவில்லை, நல்லவேளை. மூன்று பேர் அமர்ந்து, மணிக்கு 320 கி.மீ.யைத் தாண்டாமல், ஜெர்மானியக் கவச வாகன வரிசைகள் மீது தாழப் பறந்து குண்டு வீசிய விமானம் அது. ரதோம்ஸ்கோ பணியில் சாலையெங்கும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் கக்கும்போது, அடுத்த முறை எப்படி நுழைவது என்று யோசிக்க வைக்கிறது, சலிப்பே வருவதில்லை. வயிற்றுக்குக் கீழே இருக்கும் குண்டுவீச்சாளர் கூண்டிலிருந்து தெரியும் காட்சி புதிய பதிப்பில் இன்னும் தெளிவாகியிருக்கிறது.

காக்பிட், நிறம், ஒலி, கராஷ் என்று பார்த்தால் புதிய பதிப்பே மேலானது. இருந்தும் நண்பருக்கு என் பதில்: நிறுவ வேண்டாம். பழைய பதிப்பு கையில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். புதிய கராஷ் கட்டாயம் வேண்டும் என்றால் புதியதிலிருந்து அதன் கோப்புறையை மட்டும் எடுத்து, பழைய பதிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள், தடையில்லாமல் ஓடுகிறது. பி.11சி-யின் கோப்புகளை மட்டும் மறந்தும் மாற்றிவிடாதீர்கள்.