க்யூடிப்: ஒளிச்சேர்க்கையின் அதிர்வுகளை இது எவ்வளவு தூரம் தாங்கும்?

ஒளிச்சேர்க்கையில் ஒளியின் ஆற்றலைக் கடத்தும் எஃப்.எம்.ஓ. புரதத்தை மாடல் செய்ய இலவசமாக என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் க்யூடிப். பைத்தானில் ஓடும் திறந்த மூல நூலகம். பால் நேஷனும் ராபர்ட் ஜோஹான்சனும் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கியது, இப்போது 5ஆம் பதிப்பில் நிற்கிறது. பிப் இன்ஸ்டால் என்று ஒரே வரி, லைசென்ஸ் கட்டணம் கிடையாது. குவாண்டம் வேலைக்கு இது பொதுவாக நல்ல கருவியா என்றால், நல்லதுதான், அதில் சண்டை இல்லை. நான் பார்க்க வந்தது ஒன்றே ஒன்று: மூலக்கூறுகளின் அதிர்வை இது எப்படிக் கையாளுகிறது?

எஃப்.எம்.ஓ. பச்சை கந்தக பாக்டீரியாவில் இருப்பது. ஒரே மாதிரியான மூன்று துண்டுகள், ஒவ்வொன்றிலும் 7 பாக்டீரியோகுளோரோஃபில், அதாவது ஒளியை உறிஞ்சும் நிறமி (எட்டாவது ஒன்று பிறகு தெரியவந்தது, மாடல்களில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள்). ஆற்றல் 1ஆம் அல்லது 6ஆம் நிறமி வழியாக உள்ளே வந்து, ஆற்றல் குறைந்த 3க்கு இறங்கி, அங்கிருந்து வினை மையத்துக்குப் போகிறது. சுற்றியுள்ள புரதம் ஆடவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் ஆற்றல் 1க்கும் 2க்கும் நடுவில் போய்ப் போய்த் திரும்புமே தவிர 3இல் போய் உட்காராது. மாவு போட்ட சல்லடையை ஆட்டாமல் வைத்திருப்பது போலத்தான். அதிர்வுதான் கீழே இறக்குகிறது.

அந்த அதிர்வைக் கணக்கில் கொண்டுவருவதில்தான் தலைவலி. இங்கே மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பு, பெரியது என்று பார்த்தால் 1க்கும் 2க்கும் நடுவில் 87.7 செ.மீ.⁻¹ (இந்தத் துறையில் ஆற்றலை அளக்கும் அலகு). அதிர்வோடு உள்ள பிணைப்பைக் காட்டும் மறுசீரமைப்பு ஆற்றலுக்கு வழக்கமாக எடுப்பது 35 செ.மீ.⁻¹. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் ‘அதிர்வு ரொம்பச் சின்னது’ என்று தள்ளிவிடும் ரெட்ஃபீல்டு முறையும் சரிவராது, ‘அதிர்வுதான் எல்லாம்’ என்கிற ஃபார்ஸ்டர் முறையும் சரிவராது. 1989இல் தனிமுராவும் குபோவும் கொடுத்த எச்.இ.ஓ.எம். என்ற படிநிலைச் சமன்பாடுகள் இந்த நடு இடத்துக்குப் பொருந்தும். 2009இல் இஷிசாகியும் ஃபிளெமிங்கும் அதை எஃப்.எம்.ஓ.வுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கே க்யூடிப்பின் பயிற்சி நோட்புக்குகளில் ஒன்றாக வருகிறது. நேராக ஓட்டிப் பார்க்கலாம்: 300 கெல்வினில், ஆற்றல் 1இல் இருக்கும் வாய்ப்பைக் காட்டும் கோடு சில நூறு ஃபெம்டோ நொடிகள் மேலும் கீழும் ஆடி அப்புறம் சரிகிறது, 3இன் கோடு நிதானமாக ஏறுகிறது. ரெட்ஃபீல்டு தீர்வியும் இதே நூலகத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே படத்தில் போட்டு, எங்கே பிரிகின்றன என்று பார்க்கலாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

சரி, குறைகளுக்கு வருவோம். பயிற்சி நோட்புக்கில் இருக்கும் அதிர்வு ட்ரூட்-லொரென்ட்ஸ் வகை, அதாவது புரதமும் நீரும் சேர்ந்து மந்தமாக ஆடுவதைக் காட்டும் வழவழப்பான ஒரு மேடு. நிஜ நிறமி அப்படி இல்லை, அதற்கென்று கூர்மையான சொந்த அதிர்வெண்கள் உண்டு. எஃப்.எம்.ஓ.வில் அடிக்கடி பேசப்படுவது 180 செ.மீ.⁻¹ பக்கம் இருப்பது, ஏனென்றால் நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளியும் அந்த அளவுக்கு அருகில்தான் வருகிறது. க்யூடிப்பில் அதற்கு அண்டர்டேம்ப்டு (மெதுவாக அடங்கும் அதிர்வு) என்ற தனி வகை இருக்கிறது, எழுதுவதும் சுலபம். பில் வருவது வேறு இடத்தில். மேடு மட்டும் இருந்தால், ஆழம், அதாவது படிநிலையில் எத்தனை படி வரை போகிறோம் என்பதை 4 என்று வைக்கும்போது, அதிர்வின் பாதிப்பைச் சுமக்கும் துணை அணிகள் 330. ஒவ்வொரு நிறமிக்கும் ஒரு கூர்மையான அதிர்வைச் சேர்த்தால் அதே ஆழத்தில் 12,650. ஒவ்வொன்றிலும் 49 எண்கள், ஆக ஆறு லட்சத்துக்கும் மேல் சமன்பாடுகள். இன்னொரு அதிர்வும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சாதாரண லேப்டாப் மூச்சுத் திணறும். இது க்யூடிப்பின் குற்றம் இல்லை, முறையின் சுபாவமே அப்படி.

ஆனால் இன்னொன்றை க்யூடிப் கணக்கில்தான் எழுதுவேன். ஆழம் போதவில்லை என்றால் அது எதுவும் சொல்லாது. மறுசீரமைப்பு ஆற்றலை 35இலிருந்து 500க்கு ஏற்றிவிட்டு ஆழத்தை 4லேயே விட்டுப் பாருங்கள், அழகான கோடுகள் வரும், பிழைச் செய்தி ஒன்றும் வராது, அந்தக் கோடுகளை நம்பவும் முடியாது. வெப்பநிலையை 77 கெல்வினுக்கு இறக்கினாலும் இதே கதை, மட்சுபாரா உறுப்புகளை (குளிரில் அதிர்வைச் சரியாகக் காட்டத் தேவைப்படும் கூடுதல் உறுப்புகள்) கூட்ட வேண்டும், அதையும் நாமேதான் கவனிக்க வேண்டும். ஆழத்தை ஒன்று கூட்டி ஓட்டி, கோடு நகர்கிறதா என்று பார்க்காமல் யாரும் படத்தைக் கட்டுரையில் போடாதீர்கள். அலகும் நம் பொறுப்புதான்: செ.மீ.⁻¹ஐ பிக்கோ நொடி⁻¹ ஆக மாற்ற 0.188ஆல் பெருக்க வேண்டும், 2π விட்டுப்போனால் ஆற்றல்கள் எல்லாம் ஆறு மடங்குக்கு மேல் சுருங்கிவிடும், அப்போதும் படம் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், இந்தத் துறை ஒருமுறை சூடு கண்டது. 2007இல் 77 கெல்வினில் எஃப்.எம்.ஓ.வில் 660 ஃபெம்டோ நொடி நீடித்த குவாண்டம் துடிப்புகள் வெளிவந்ததும் ‘பாக்டீரியா குவாண்டம் கணினி வைத்திருக்கிறது’ என்கிற அளவுக்குப் பேச்சு போனது. பிறகு நடந்த வாதத்தில், நீண்ட துடிப்புகளில் பெரும்பங்கு அதிர்வுகளுடையது என்ற பக்கம்தான் கனத்தது. 2017இல் அறை வெப்பநிலையில் அளந்தபோது எலெக்ட்ரான் சார்ந்த துடிப்பு 60 ஃபெம்டோ நொடிக்குள்ளேயே அடங்கியது. மேட்டை மட்டும் போட்டு ஒருமுறை, கூர்மையான அதிர்வைச் சேர்த்து ஒருமுறை ஓட்டினால் அந்த வாதம் எதைப் பற்றியது என்று உங்கள் திரையிலேயே தெரியும். அதற்கு ஏழு நிறமியும் தேவையில்லை, இரண்டு போதும், இரண்டுக்கு க்யூடிப் சிட்டாய்ப் பறக்கும்.

முதுகலை புராஜெக்ட்டுக்கோ ஆய்வின் முதல் வருடத்துக்கோ தயங்காமல் எடுக்கலாம். ஒவ்வொரு நிறமிக்கும் பத்துப் பதினைந்து அதிர்வுகள் வைத்து முழு எஃப்.எம்.ஓ.வையும் ஓட்ட வேண்டும் என்றால் இதில் மல்லுக்கட்டாதீர்கள். பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் சுருக்கும் டென்சர் நெட்வொர்க் பக்கம் போங்கள், ஜூலியா மொழியில் எம்.பி.எஸ். டைனமிக்ஸ் இருக்கிறது, கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும்.